துபாஷி ரொட்ரிகஸ்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு)



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னாங்க. எடிசனை ஏற்கனவே இரண்டு பேர் எடுத்துக்கிட்டாங்க. விஸ்வேஸ்வரய்யாவை மூன்றாம் ஆண்டு சிவில் அண்ணன் ஒருத்தர் எடுத்துக்கிட்டார். எனக்கு மிஞ்சியது யார் என்று யோசித்தபோது, ஆறு மாதமாக நான் படித்துக்கொண்டிருக்கும் மொழியிலிருந்தே ஒருவர் வந்து நின்றார். அவர் எந்த இயந்திரத்தையும் கண்டுபிடிக்கவில்லை. நானூறு வருஷத்துக்கு முன்னால் ஜப்பானிய மொழிக்கு முதன்முதலாக ஒரு முழு இலக்கணத்தை அச்சில் கொண்டுவந்தவர். ஜப்பானில் அவர் புகழ் பெரிது. நம்மில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. ஷோகன் என்ற தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்கள் மட்டும், அதில் வரும் துபாஷிப் பாதிரியாரை ஞாபகம் வைத்திருப்பார்கள். அந்தப் பாத்திரம் இவரை வைத்து உருவானதுதான்.

பெயர் ஜுவாவ் ரொட்ரிகஸ். போர்த்துகீசியர்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் இவரை ஏன் பிடித்தது என்று விளங்கும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா தறி ஓட்டுகிறார். ஒரு சான்றிதழுக்காக அப்பாவும் நானும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பா நின்றார். என்ன வேணும் என்று கேட்டார்கள். அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. எதற்கு வேணும் என்று கேட்டார்கள். அதையும் விளக்கத் தெரியவில்லை. எனக்கும் நாக்கு எழவில்லை. இரண்டு பேரும் வெறுங்கையோடு திரும்பி வந்தோம். கேட்பது, விளக்குவது, இந்த இரண்டும் பிறவியிலேயே வருவது என்றுதான் அன்று வரை நினைத்திருந்தேன். அதற்கும் இலக்கணம் உண்டு, அதையும் உட்கார்ந்து படிக்கலாம் என்பதை எனக்குக் காட்டியது ஜப்பானிய வகுப்பு.

ரொட்ரிகஸ் பிறந்தது 1561-ஐ ஒட்டிய ஆண்டுகளில், போர்த்துகலின் வடபகுதியில் உள்ள செர்னான்செல்யே என்ற சின்ன ஊரில். சிறுவனாக இருக்கும்போதே கப்பலேறிவிட்டார். 1577-ல் ஜப்பானில் கால் வைத்தபோது வயது ஏறத்தாழ பதினாறு. நம்மில் பலர் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வயது! பெரிய படிப்பு எதுவும் கிடையாது. பிற்காலத்தில் புத்தகங்கள் எழுதியபோதும் அவருடைய போர்த்துகீசிய நடை கரடுமுரடாகத்தான் இருந்தது. சின்ன வயதில் ஊரை விட்டு வந்ததால் தாய்மொழியில் அழகாக எழுதப் பழகவில்லை என்று அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். தாய்மொழியில் தடுமாறியவர் இன்னொரு மொழிக்கு இலக்கணம் எழுதினார் என்பதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு தெம்பு வந்தது தெரியுமா!

1580-ல் இயேசு சபையில் சேர்ந்தார். கியூஷு தீவில் சபை நடத்திய கல்லூரியில் படித்தார். பிறகு ஜப்பானியப் பையன்களுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தார். அதற்குள் ஜப்பானிய மொழி அவருக்கு நன்றாகப் படிந்துவிட்டது. புத்தகத்தை வைத்து அல்ல, சின்ன வயதிலிருந்தே அந்த ஊர் மனிதர்களோடு பழகி வந்த மொழி அது.

இங்கே ஒரு பக்கத்துச் செய்தி. அதே சபையைச் சேர்ந்த அன்றீக் அடிகளார் நம் முத்துக்குளித்துறையில் புன்னைக்காயலில் இருந்துகொண்டு தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். அவர் மொழிபெயர்த்த தம்பிரான் வணக்கம் 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சானது. ரொட்ரிகஸ் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்த மறு வருஷம் அது. ஒருவர் நம் கடற்கரையில் தமிழைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்க, இன்னொருவர் அந்தக் கடற்கரையில் ஜப்பானியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சரி, ஜப்பானிய மொழியில் அப்படி என்ன கஷ்டம்? வாக்கியம் கட்டுவதில் நமக்குக் கஷ்டமே இல்லை. நம்மைப் போலவே வினைச்சொல் கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு மாதிரிச் சின்னச் சொற்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஓஷியெத்தெ குதசாய் என்றால் சொல்லிக் கொடுங்க. ஓஷியெத்தெ என்பது நம் சொல்லி, குதசாய் என்பது கொடுங்க. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே உட்காருகிறது. ஐரோப்பியருக்குத்தான் தலை சுற்றும்.

கஷ்டம் மரியாதையில் இருக்கிறது. குதசாய் என்பதன் மூலவினை, மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குத் தருவதைக் குறிக்கும். அதனால் அதைச் சொல்லும்போதே நான் கீழே, நீங்க மேலே என்று ஆகிவிடுகிறது. இன்னும் பணிவாகக் கேட்க வேண்டுமென்றால் ஓஷியெத்தெ இததாகெமசென் கா என்பார்கள். இததாகு என்ற வினைக்கு ஆதிப்பொருள் தலைமேல் வைப்பது. பிறகு அது பணிவோடு பெற்றுக்கொள்வதைக் குறித்தது. ஆக அந்தக் கேள்வியின் பொருள், தாங்கள் சொல்லிக்கொடுப்பதை நான் பெற்றுக்கொள்ள முடியாதா என்பது. கொடு என்ற சொல்லே அதில் இல்லை பாருங்க! கொடுப்பவரை விரட்டாமல், வாங்குபவன் தன் பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு நிற்கிறான். இல்லை என்று சொல்ல எதிராளிக்கு வழியும் விட்டாயிற்று.

இது நமக்குப் புதுசா? தமிழாசிரியர் சொன்னபோது வியந்து போனேன். தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. ஈ என்று கேட்டால் கேட்பவன் தாழ்ந்தவன், தா என்றால் சமமானவன், கொடு என்றால் உயர்ந்தவன் என்று சொல்லதிகாரம் பிரித்து வைத்திருக்கிறது. நாமதான் எல்லாத்தையும் தா, குடு என்று ஒண்ணாக்கிட்டோம். (தாழ்ந்தவன் உயர்ந்தவன் என்ற அந்தப் பிரிவு எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் சொல் கையில் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாமே.)

இன்னொன்று விளக்கம் சொல்லும் இலக்கணம். ஒருநாள் நான் ஜப்பானிய வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். ஏன் லேட் என்று மேடம் கேட்டாங்க. பஸ் வராததால் என்று சொல்ல, காரணத்தைக் குறிக்கும் கரா என்ற சொல்லைப் போட்டுச் சொன்னேன். இலக்கணப்படி தப்பே இல்லை. ஆனால் மேடம் முகம் மாறிவிட்டது. பிறகு அவங்களே விளக்கினாங்க. அந்த இடத்தில் கரா போட்டால், பஸ் வரலை, அதான், அதுக்கு நான் என்ன பண்றது என்கிற மாதிரி எதிராளி காதில் விழலாமாம். அங்கே பஸு கா கொனக்கத்தாந் தெசு என்று சொல்ல வேண்டும். கொனக்கத்தா என்றால் வரவில்லை. அதோடு ந் என்ற ஓர் ஒற்றெழுத்து சேர்கிறது. நோ என்பது பேச்சில் அப்படிச் சுருங்கும். நம் வராதது என்பதில் வரும் து மாதிரி, வினையைப் பெயர்போல ஆக்கிவிடும். பஸ் வராததுதாங்க விஷயம் என்று நிலைமையை எதிரே எடுத்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிற பேச்சு அது. சண்டைக்குப் போகிற பேச்சு இல்லை.

அதற்காக எல்லா வாக்கியத்திலும் அந்த ந்-ஐப் போடக் கூடாது. யாரும் எதுவும் கேட்காதபோது போட்டால், எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்பது போல ஆகிவிடும். நான் ஒரு வாரம் அப்படிப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்!

இப்போது ரொட்ரிகஸிடம் திரும்பலாம். இந்த மாதிரிப் பேச்சு ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு 1591 மார்ச் 3-ம் தேதி ஒன்றே போதும்.

ஜப்பானை ஒரு குடையின் கீழ் கொண்டுவந்த ஹிதெயோஷி, 1587-ல் பாதிரிமார்கள் எல்லாரும் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று ஆணை போட்டிருந்தார். சபையின் பெரியவர் வலிஞானோ அவரைச் சந்திக்க விரும்பினார். பாதிரியாராகப் போனால் ஆணையை மீறியதாகும். எனவே கோவாவில் இருந்த போர்த்துகீசிய ராஜப்பிரதிநிதியின் தூதுவராகப் போனார். கியோட்டோ நகரில், ஜுராக்குதாய் மாளிகையில் பேட்டி. மிலான் நகரத்துக் கவசம், அரேபியக் குதிரை என்று பரிசுகள். ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பிய நான்கு ஜப்பானிய இளைஞர்கள் மேனாட்டு வாத்தியங்களை வாசித்துக் காட்டினார்கள். வலிஞானோவுக்கு ஜப்பானியம் பேச வராது. அவர் சொல்வதை ஹிதெயோஷி காதுக்கு ஏற்றபடி சொல்லும் பொறுப்பு, முப்பது வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ, நம் ரொட்ரிகஸ் தலையில் விழுந்தது.

நினைத்துப் பாருங்க. எதிரே இருப்பவர் தன்னை நாட்டை விட்டே போகச் சொல்லியிருக்கும் மனிதர். அவரிடம் போய், ஏன் வந்தோம் என்று விளக்கவும் வேண்டும், இருக்க விடுங்கள் என்று கேட்கவும் வேண்டும். ஒரு சொல் மேலே போனால் அகம்பாவம், ஒரு சொல் கீழே போனால் தூதுவருக்கு அவமானம். எங்கப்பாவும் நானும் நின்ற அந்த அலுவலக ஜன்னல் ஞாபகம்தான் எனக்கு வந்தது. எங்களுக்குப் போனது ஒரு சான்றிதழ். அவருக்குப் போயிருந்தால் அந்த நாட்டில் இருந்த சபையார் அத்தனை பேருக்கும் இடம் போயிருக்கும்.

பேட்டி நல்லபடியாக முடிந்தது. ஹிதெயோஷிக்கு ரொட்ரிகஸைப் பிடித்துப் போயிற்று. ஆணை ரத்தாகவில்லை, ஆனால் கெடுபிடி குறைந்தது. அப்போதிருந்து ரொட்ரிகஸுக்கு த்ஸூஜி என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. த்ஸூஜி என்றால் துபாஷி. சபையில் அதே பெயரில் இன்னொரு ரொட்ரிகஸும் இருந்ததால் பிரித்துச் சொல்ல அது வசதியாகவும் இருந்தது.

ஆனாலும் 1597 பிப்ரவரியில் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் ஏற்றிக் கொன்றார்கள். ரொட்ரிகஸ் அங்கே போய் அவர்கள் பக்கத்தில் நின்று ஆறுதல் சொன்னார். தடுக்க அவரால் முடியவில்லை. மறு வருஷம் 1598-ல் ஹிதெயோஷி மரணப்படுக்கையில் கிடந்தபோது, பார்க்க அனுமதி கிடைத்த வெளிநாட்டவர் இதே ரொட்ரிகஸ்தான். அன்போடு பேசிப் பரிசும் கொடுத்து அனுப்பினார் ஹிதெயோஷி. இந்த இரண்டையும் ஒரே மனிதர் எப்படித் தாங்கினார் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

அடுத்து ஆட்சிக்கு வந்த தொகுகாவா இயெயாசுவுக்கும் இவர் வேண்டியவராக இருந்தார். நாகசாகிக்கு வரும் சீனப் பட்டு வியாபாரத்தில் இயெயாசுவின் ஆளாகப் பேசினார். 1604-ல் பட்டுக்கு மொத்தமாக ஒரே விலை பேசி முடிக்கும் முறை வந்தது. நடுவில் நின்று பேசுபவருக்கு இரண்டு பக்கமும் வசவு விழும் என்பது எங்க ஊர் ஜவுளிக்கடைத் தரகரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு வேலைக்கு நடுவில்தான் 1604-லிருந்து 1608 வரை நாகசாகியில் அந்தப் பெரிய இலக்கணம் அச்சானது. மூன்று பாகம். வலிஞானோ 1590-ல் கொண்டுவந்த அச்சு இயந்திரத்தின் தொடர்ச்சி அது. அதற்கு முன் 1592-ல் அமகுசாவில் சபை அச்சகம் ஹெய்கே போர்க்கதையைப் பேச்சு நடையில் பாடப்புத்தகமாக வெளியிட்டிருந்தது. அதில் ஒருவர் கதை சொல்லும்படி மரியாதையாகக் கேட்பார், இன்னொருவர் விளக்கிச் சொல்வார். புத்தகம் முழுக்கக் கேட்பதும் விளக்குவதும்தான்! 1603-ல் 32,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அகராதியும் நாகசாகியில் வந்தது. இந்த வரிசையில் மகுடம் ரொட்ரிகஸின் இலக்கணம்.

அவர் கையில் இருந்த அச்சு லத்தீன் இலக்கணம். எட்டு வகைச் சொல், வேற்றுமை, காலம் என்று அந்த அச்சிலேயே ஜப்பானியத்தை ஊற்றப் பார்த்தார். மோல்டு சரியில்லாவிட்டால் காஸ்டிங் எப்படி வரும் என்று நமக்குத் தெரியும். பல இடங்களில் வழிந்தது. மரியாதைச் சொற்களுக்கு லத்தீனில் இடமே இல்லை. அவர் அதை விட்டுவிடவில்லை. பெயருக்கு முன்னால் ஒட்டும் ஓ, கோ போன்ற மரியாதை முன்னொட்டுகள், பிறர் செயலை உயர்த்தும் வினைகள், தன் செயலைத் தாழ்த்தும் வினைகள் என்று விரித்து எழுதினார். கடிதம் எழுதும் முறை, எண்கள், கவிதை வடிவங்கள் எல்லாம் சேர்த்தார். வட்டாரப் பேச்சைக்கூட விடவில்லை. ஓர் ஊருக்கு என்று சொல்ல, கியோட்டோக்காரர் எ என்பார், கியூஷுக்காரர் நி என்பார், கிழக்கே இருப்பவர் ஸா என்பார் என்று குறித்து வைத்தார். நம்மிலும் கோயம்புத்தூர் மாணவன் போறேனுங்க என்பான், திருநெல்வேலி மாணவன் போறேம்ல என்பான். அதைக் காது கொடுத்துக் கேட்டால்தானே எழுத முடியும்!

1610-ல் அவர் கதை தலைகீழானது. ஒரு போர்த்துகீசியக் கப்பலோடு ஏற்பட்ட தகராறு அந்த ஜனவரியில் நாகசாகித் துறைமுகத்தில் சண்டையாக முடிந்து, தலைவன் பெஸ்ஸோவா கப்பலைத் தானே வெடிவைத்துத் தகர்த்தான். அந்த ஆத்திரம் எல்லாம் நடுவில் நின்றவர் மேல் திரும்பியது. நாகசாகி அதிகாரிகளில் அவருக்கு எதிரிகளும் சேர்ந்திருந்தார்கள். ரொட்ரிகஸ் மக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். இயெயாசு பக்கத்தில் அவர் இடத்துக்கு வந்தவர் 1600-ல் கப்பலில் வந்து சேர்ந்த ஆங்கிலேயர் வில்லியம் ஆடம்ஸ். முப்பத்து மூன்று வருஷம் வாழ்ந்த நாட்டை விட்டுப் போனார். அவ்வளவு நயமாகக் கேட்கத் தெரிந்தவருக்கும் அன்று கேட்பது பலிக்கவில்லை.

திரும்ப ஜப்பானுக்கு அவர் போகவே இல்லை. ஆனால் இலக்கணத்தை விடவில்லை. 1620-ல் மக்காவில் சுருக்கமான இலக்கணம் ஒன்றை, புதிதாகப் படிப்பவர்களுக்காக அச்சிட்டார். பெரிய இலக்கணத்தைவிட இதில்தான் அவர் ஆசிரியராகத் தெரிகிறார் என்பது என் எண்ணம். மொழியைக் கற்க இரண்டு வழி என்கிறார். ஒன்று மக்களோடு கலந்து பேசிப் பேசிக் கற்பது. மற்றது ஆசிரியரும் விதியும் வைத்துப் படிப்பது. படிப்பதென்றால் ஜப்பானியரே ஆசிரியராக இருக்க வேண்டும், ஜப்பானியரே எழுதிய நல்ல நூல்களை எடுக்க வேண்டும், ஐரோப்பியர் மொழிபெயர்த்த புத்தகங்களை வைத்துப் படிக்கக் கூடாது என்கிறார். தன் ஆட்கள் போட்ட புத்தகத்தையே வேண்டாம் என்று சொல்ல ஒரு துணிவு வேண்டாமா?

கடைசி வருஷங்கள் சீனாவில். 1631-ல் கொரியத் தூதர் ஒருவரைச் சந்தித்துத் தொலைநோக்கி, தானே மணி அடிக்கும் கடிகாரம், வானியல் நூல்கள் எல்லாம் கொடுத்து அனுப்பினார். 1632-ல் தெங்சோ நகரில் படைவீரர்கள் கலகம் செய்தபோது, எழுபது வயதுக் கிழவர் கோட்டைச் சுவரிலிருந்து குதித்துத் தப்பினார்! 1633-ல் மக்காவில் காலமானார்.

அந்தப் பெரிய இலக்கணத்தின் அச்சுப் பிரதி ஒன்று இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. 1955-ல் தொய் ததாவோ என்ற அறிஞர் அதை ஜப்பானிய மொழியில் மொழிபெயர்த்து வெளியிட்டார். நானூறு வருஷத்துக்கு முன் தங்கள் பாட்டன்மார் எப்படிப் பேசினார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ள ஜப்பானிய அறிஞர்களே இவர் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள்.

இதை எழுதி முடித்த அன்று வகுப்பில் மேடத்திடம் ஜப்பானியத்தில் எழுதிய அரைப்பக்கத்தை நீட்டினேன். திருத்தித் தர முடியுங்களா என்று கேட்பதற்கு இததாகெமசென் கா போட்டுத் தடுமாறிச் சொன்னேன். மேடம் சிரித்துக்கொண்டே வாங்கினாங்க. மூன்று இடத்தில் சிவப்பு மை. ஒன்று, தேவையில்லாத இடத்தில் போட்ட அந்த ந். அடுத்த சனிக்கிழமை அப்பாவோடு அதே அலுவலகத்துக்கு மறுபடியும் போகிறேன். இந்தத் தடவை நான்தான் பேசப் போகிறேன்.